சொன்னால் என்ன ஆகும்?

பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று பெற்றோருக்குச் சொல்லித்தரும் புத்தகங்களும் பயிலரங்குகளும் இன்று ஏராளம். குரலை உயர்த்தாதீர்கள், ஒப்பிட்டுப் பேசாதீர்கள், அடிக்கடி பாராட்டுங்கள் என்று அவை சொல்வதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பேச்சு என்பது பெரியவரிடமிருந்து பிள்ளைக்குப் போவது, அதைச் செம்மையாக்கிவிட்டால் உறவும் செம்மையாகிவிடும் என்ற எண்ணம் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் வளரிளம் பருவத்தினரைப் பற்றி நடந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் இந்த எண்ணத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு வீட்டில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சு வளர்வதும் வற்றுவதும், பெற்றோர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார்கள் என்பதைவிட, பிள்ளை ஒன்றைச் சொல்லி வாயை மூடிய அடுத்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதையே கூடுதலாகச் சார்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

இந்தத் திசையில் முதல் அடி எடுத்துவைத்தவர்கள் சுவீடனைச் சேர்ந்த ஹோகான் ஸ்டாட்டினும் அவரோடு பணியாற்றிய மார்கரெட் கெரும். 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வு வரும்வரை உளவியலில் ஒரு கருத்து உறுதியாக இருந்தது: எந்தப் பெற்றோர் பிள்ளையின் நடமாட்டத்தை நன்றாகக் கண்காணிக்கிறார்களோ அவர்கள் பிள்ளைகள் கெட்டுப்போவதில்லை. இதற்கு ஆதாரமாகப் பல ஆய்வுகள் காட்டப்பட்டன. ஆனால் அந்த ஆய்வுகள் உண்மையில் அளந்தது கண்காணிப்பை அல்ல. 'உங்கள் மகன் மாலையில் எங்கே இருக்கிறான், யாரோடு சுற்றுகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா' என்று கேட்டு, தெரியும் என்றவர்களைக் கண்காணிப்பவர்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்டாட்டினும் கெரும் அந்த இடத்தில் நின்று, சரி, தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று கேட்டார்கள். மத்திய சுவீடனில் 14 வயதுள்ள 703 பேரிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் மூன்று வழிகளைத் தனித்தனியே அளந்தார்கள்: பெற்றோர் துருவிக் கேட்டு அறிவது, விதி போட்டு அறிவது, பிள்ளை தானாக வந்து சொல்வது. பெற்றோரின் அறிவுக்குப் பெரும்பங்கு தந்தது மூன்றாவது வழி. கண்காணிப்பின் பலன் என்று அதுவரை எழுதப்பட்டதில் பெரும்பகுதி, பிள்ளை மனமுவந்து சொன்னதன் பலனாகவே இருந்தது.

இந்த முடிவின் கனத்தை நம் வீடுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளி வாட்ஸ்அப் குழு, டியூஷன் ஆசிரியருக்கு ஒரு போன், கைப்பேசியில் இருப்பிடம் காட்டும் செயலி, இரவில் பிள்ளை தூங்கிய பிறகு அதன் போனை எடுத்துப் பார்ப்பது என்று இன்றைய பெற்றோர் கையில் இருக்கும் கருவிகள் முந்தைய தலைமுறைக்குக் கிடைக்காதவை. அவை பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்லும். அங்கே அதற்கு என்ன நேர்ந்தது, அதன் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லமாட்டா. அதைவிடக் கவலைக்குரியது, ஒளிந்து பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு என்பது. நெதர்லாந்தில் ஸ்கைலர் ஹாக் குழுவினர் வளரிளம் பருவத்தினரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தன் அந்தரங்கத்துக்குள் நுழைகிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகள் பிறகு கூடுதலாக மறைக்கத் தொடங்கினார்கள். அதன் விளைவாகப் பெற்றோர் அறிந்திருந்ததும் குறைந்தது. அறிந்துகொள்வதற்காகச் செய்த காரியமே அறியாமல் போவதற்கு வழி செய்தது.

அப்படியானால் ஒரு பிள்ளை சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் எது தீர்மானிக்கிறது? லாரீ டில்டன் வீவரும் கெரும் மற்றவர்களும் 2010இல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். பிள்ளை சொன்னபோது கோபமோ கேலியோ பழிப்போ எதிர்கொண்டால், தன்னை அடக்கி ஆள்கிறார்கள் என்ற உணர்வு மேலோங்கி, பெற்றோரிடமிருந்து மனம் விலகி, அடுத்த முறை மறைக்கும் பழக்கம் வளர்கிறது என்று அவர்கள் கண்டார்கள். அன்றாடத்தில் இது மிகச் சிறிய விஷயங்களில் நடந்து முடிந்துவிடுகிறது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சமையலறை வாசலில் வந்து நின்று, 'அம்மா, ஜாமெட்ரி பாக்ஸ் தொலைஞ்சுபோச்சு' என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 'போன மாசம்தானே வாங்கிக் கொடுத்தேன்! உனக்குப் பொருளோட அருமை தெரியுதா? உங்கப்பா வரட்டும், சொல்றேன்.' இதில் நான்கு செய்திகள் அவனுக்குப் போய்ச் சேர்கின்றன. தொலைத்தது குற்றம். அது அவன் குணத்தின் குறை. சொன்னது இன்னொருவருக்கும் போகும். பெட்டி எப்படித் தொலைந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பின் பெஞ்சுக்காரன் ஒருவன் தினமும் அவன் பொருளைப் பிடுங்கிக்கொள்கிறான் என்பதுதான் அவன் சொல்ல வந்ததாக இருக்கலாம். அந்த இரண்டாவது வாக்கியம் இனி வராது. அடுத்த முறை பேனா தொலைந்தால் நண்பனிடம் கடன் வாங்கிக்கொள்வான். அந்தத் தாய்க்கு அவன் பொறுப்பாக மாறிவிட்டதாகத் தோன்றும்.

தண்டனை பயம் பிள்ளையை உண்மை பேச வைக்கும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். கனடாவைச் சேர்ந்த விக்டோரியா தல்வாரும் காங் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வை நாம் அவசியம் அறிய வேண்டும். ஒரே நகர்ப்பகுதியில் இரண்டு பள்ளிகள். பிள்ளைகளின் குடும்பப் பின்னணியும் ஏறத்தாழ ஒன்று. ஒரு பள்ளியில் பென்சிலை மறந்து வந்தால்கூட அடி விழும். மற்றதில் கண்டிப்பதோடு சரி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைத் தனித்தனியே அழைத்து ஒரு விளையாட்டு ஆடினார்கள். குழந்தை சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் வைக்கப்படும் பொம்மை எது என்பதை அது எழுப்பும் ஒலியைக் கேட்டுச் சொல்ல வேண்டும். கடைசிப் பொம்மைக்கு அதற்குப் பொருந்தாத ஒலியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி ஆய்வாளர் வெளியே போய்விடுவார். இரண்டு பள்ளிக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வயதில் வேறெதை எதிர்பார்க்க முடியும்? பிறகு 'பார்த்தாயா' என்று கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. அடிக்கும் பள்ளியில் பார்த்தவர்கள் ஏறத்தாழ எல்லோருமே பார்க்கவில்லை என்றார்கள். மற்றப் பள்ளியில் பொய் சொன்னவர்கள் பாதியை ஒட்டிய அளவினரே. அது மட்டுமல்ல, 'அப்படியானால் அது என்ன பொம்மை' என்று அடுத்து மடக்கியபோது, அடிக்கும் பள்ளிக் குழந்தைகள் ஒன்றும் தெரியாததுபோல் தங்கள் பொய்யைக் கட்டிக் காத்தார்கள். மூன்று வயதிலேயே. அடி அவர்களுக்கு நேர்மையைக் கற்பிக்கவில்லை, மறைக்கும் திறமையைக் கற்பித்திருந்தது. இதே தல்வார் வேறு இருவரோடு சேர்ந்து நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள 372 குழந்தைகளிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்விலும், பார்த்திருந்தால் தண்டனை உண்டு என்று கேள்விப்பட்டவர்கள் குறைவாகவே உண்மை சொன்னார்கள். நீ உண்மை சொன்னால் எனக்கு மகிழ்ச்சி என்றோ, உண்மை சொல்வது உனக்கே நிறைவு தரும் என்றோ கேட்டபோது உண்மை சொல்வோர் கூடினார்கள்.

நாம் சொல்லும் நீதிக்கதைகளுக்கும் இது பொருந்துகிறது. 2014இல் காங் லீயும் தல்வாரும் மற்றவர்களும் சில கதைகளைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டிய பின் அதே விளையாட்டை நடத்தினார்கள். பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோவும், 'புலி வருது' கதையின் மேலைநாட்டு வடிவமான ஓநாய் கதையும் உண்மை பேசுவோர் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. செர்ரி மரத்தை வெட்டியது நான்தான் என்று சொன்ன சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனைத் தந்தை பாராட்டிய கதை கூட்டியது. அந்தக் கதையின் முடிவை மாற்றி, பொய் சொல்லித் துன்பப்பட்டதாகப் படித்தபோது பலன் மறைந்துவிட்டது. குழந்தை கதையிலிருந்து எடுத்துக்கொண்டது, சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையை.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு மேலைநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றே வழியல்ல. அகப்பொருள் மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்றொரு துறை இருக்கிறது. தலைவி தன் காதலைத் தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் தெரிவிப்பார்கள். தொல்காப்பியம் தோழி இதைச் செவிலியிடம் எடுத்துச் சொல்வதற்கு ஏழு வழிகளை வகுக்கிறது. நேரே உண்மையைச் சொல்லிவிடுவது அவற்றில் கடைசி. ஒரு பெண் தன் வீட்டாரிடம் தன் மனத்தைச் சொல்ல இத்தனை படிகள் வேண்டியிருந்தன என்பதை இலக்கிய நயமாக மட்டும் நாம் படித்து வந்திருக்கிறோம். சொன்னால் என்ன ஆகுமோ என்ற அச்சத்தைக் கணக்கில் எடுத்து அமைந்த ஏற்பாடாகவும் அதைப் படிக்கலாம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளும், தோழி செவிலிக்குச் சொல்லும் இந்தச் செய்திதான். நடந்ததை விவரிக்கப் புகுமுன் அவள் செவிலியிடம் கேட்டுக்கொள்வது, சினம் கொள்ளாதே என்பது. 'சொல்றேன், ஆனா திட்டக் கூடாது' என்று இன்று பத்து வயதுப் பிள்ளை போடும் நிபந்தனையும் அதுவே. அந்த நிபந்தனைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, கேட்டு முடித்ததும் திட்டித் தீர்ப்பவர்கள், பிள்ளை தந்த வாய்ப்பைத் தங்கள் கையாலேயே அழிக்கிறார்கள். அந்த மரபில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இடையில் நின்று கேட்க ஆள் இருந்தது. அத்தை, சித்தி, பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா என்று அந்த இடத்தை நிரப்பியவர்கள் தனிக்குடித்தனத்தில் குறைந்துபோனார்கள். பிள்ளை தன்னை விட்டுவிட்டுச் சித்தியிடம் ஒன்றைச் சொன்னது என்று தாய் வருந்தத் தேவையில்லை. சொல்ல ஒரு வழி திறந்திருக்கிறது என்று நிம்மதி கொள்ளலாம்.

சொல்ல வழியில்லாமல் போவது எங்கே உயிரையும் வாழ்வையும் தொடுகிறது என்பதற்குச் சான்று வேண்டுமானால், மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட அறிக்கையைப் பார்க்கலாம். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில், 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவில்லை. 2012இல் போக்சோ சட்டம் வந்தது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. அந்தக் கட்டாயம் எல்லாம் குழந்தை வாய் திறந்த பிறகே தொடங்குகிறது. நம் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை வாய் திறந்தால் என்ன ஆகிறது? பஸ்ஸில் ஒருவன் தினமும் உரசுகிறான் என்று பதினோராம் வகுப்பு மாணவி சொன்னால், 'நீ ஏன் அந்த பஸ்ல ஏறுன', 'துப்பட்டாவை ஒழுங்கா போட்டியா' என்பதில் தொடங்கி, 'இனி ஸ்கூலுக்கே போக வேண்டாம்' என்பதில் முடிகிற வீடுகள் இருக்கின்றன. பெற்றோர் அதைப் பாதுகாப்பு என்றே மனதார நினைக்கிறார்கள். ஆனால் செய்தவன் மறுநாளும் அதே பஸ்ஸில் போவான். படிப்பை இழப்பது சொன்னவள். இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறார்கள். சொன்னவருக்குத் தண்டனை விழும் வீட்டில் எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியும் வேலை செய்யாது.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்களில் வலுவானது ஆய்வுலகத்திலேயே எழுந்தது. நல்ல பிள்ளைக்கு மறைக்க ஒன்றுமில்லை, அதனால் சொல்கிறது. கெட்ட வழியில் போகும் பிள்ளை மறைக்கிறது, அதனால் பெற்றோர் கோபப்படுகிறார்கள். காரணமும் விளைவும் தலைகீழாக இருக்கலாம் அல்லவா? ஆன் பிளெட்சரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் மற்றொருவரும் 2004இல் வேறு தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து, பெற்றோரின் கட்டுப்பாட்டுக்கும் தனியான நற்பலன் உண்டு என்று ஸ்டாட்டின், கெரின் முடிவை மறுத்தார்கள். இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. சிறு வயதிலும், போதைப்பொருள் தெருமுனையில் விற்கும் பகுதிகளிலும், பிள்ளை எங்கே என்று பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை. ஆனால் இரண்டு காரணங்களால் மைய வாதம் நிற்கிறது. ஒரே பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து கெர், ஸ்டாட்டின் குழு 2010இல் மீண்டும் ஆராய்ந்தபோதும், பெற்றோரின் அறிவு பின்னாளில் கூடுவதை முன்கூட்டிச் சொன்னது பிள்ளை சொல்வதே, கண்காணிப்பு அல்ல. மேலும், 372 குழந்தைகளின் சோதனையில் யாருக்குத் தண்டனை மிரட்டல், யாருக்கு இல்லை என்பதை ஆய்வாளர்களே வகுத்தார்கள். நல்ல குழந்தை, கெட்ட குழந்தை என்ற பிரிவு அங்கே இல்லை. செல்வாக்கு இரு திசையிலும் ஓடுகிறது என்பதே நியாயமான முடிவு. அதில் பெற்றோர் கையில் இருக்கும் திசை ஒன்றுதான்.

திட்டாமல் கேட்டால் பிள்ளை தலைமேல் ஏறிவிடும் என்ற அச்சம் இதைவிடப் பரவலானது. இங்கே கண்டிப்பும் கடுமையும் ஒன்றாகக் குழம்புகின்றன. 1960களில் பெர்க்கிலியில் ஆய்வைத் தொடங்கிய டயானா பாம்ரிண்ட், விதிகளை உறுதியாக வைத்துக்கொண்டே காரணம் சொல்லி, பிள்ளையின் பேச்சையும் கேட்கும் பெற்றோரை, அதட்டி அடக்குவோரிடமிருந்தும் இஷ்டத்துக்கு விட்டுவிடுவோரிடமிருந்தும் பிரித்துக் காட்டினார். ஜூடித் ஸ்மெட்டானா இன்னும் நுட்பமாகப் போனார். பாதுகாப்பு, பிறருக்குத் தீங்கு ஆகிய விஷயங்களில் விதி போடப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று பதின்வயதினரே ஏற்கிறார்கள். முடிவெட்டு, பாட்டு, நட்பு, உடை போன்றவற்றில்தான் ஏற்பதில்லை. இது நமக்குப் பெரிய உதவி. ஹெல்மெட்டில் ஒரு அணுவும் தளரத் தேவையில்லை. தலைமுடியில் தினமும் சண்டை போடத் தேவையில்லை. அற்ப விஷயத்தில் அதிகாரத்தைச் செலவழித்துவிட்ட வீட்டில், முக்கியமான விஷயத்தில் சொல்லுக்கு மதிப்பு மிஞ்சுவதில்லை. முதலில் கேட்பது என்பது தண்டனையைக் கைவிடுவதும் அல்ல. கடைக்காரரிடம் திருடினால் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அது செய்த தவறுக்கான விளைவாக இருக்க வேண்டும்; வந்து சொன்னதற்கான விலையாக ஆகிவிடக் கூடாது.

சுவீடனும் நெதர்லாந்தும் நமக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள், சண்டிகரில் சுமன் வர்மாவும் ரீட் லார்சனும் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் செய்த ஆய்வைக் காணலாம். அந்த நகர்ப்புற நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளைவிடக் குடும்பத்தோடு கூடுதல் நேரம் கழித்தார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் மனம் இயல்பாகவே இருந்தது. நம் பிள்ளைகள் வீட்டை விட்டு விலகி ஓடவில்லை, பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்பது நமக்குச் சாதகமான செய்தி. நேரமில்லை என்பது வேறு வகைக் கவலை, அது உண்மையானதும்கூட. திருப்பூரில் இரண்டு பேரும் கம்பெனிக்குப் போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பும் பெற்றோரிடம் 'தரமான நேரம்' பற்றிப் பேசுவது இரக்கமற்ற செயல். அவர்களுடைய வேலைநேரம் குறைய வேண்டும் என்பது அரசிடமும் முதலாளிகளிடமும் வைக்க வேண்டிய கோரிக்கை. ஆனால் இந்த ஆய்வுகள் கேட்பது மணிக்கணக்கான உரையாடலை அல்ல. 'இரு சாமி, சாப்பிட்டுட்டு வந்து கேக்கறேன்' என்று சொல்லி, சாப்பிட்டு முடித்ததும் மறக்காமல் கூப்பிட்டுக் கேட்பது போதும். களைப்பில் வரும் உடனடிச் சீற்றத்தை அந்த அரை மணி நேரம் தடுக்கிறது. தன் சொல் நினைவில் வைக்கப்பட்டது என்பதும் பிள்ளைக்குத் தெரிகிறது.

தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான ரேங்க் பட்டியல் வெளியிடப்படுவதில்லை. பிள்ளைகள் மேல் ஏறும் சுமையைக் குறைக்க அரசு எடுத்த நல்ல முடிவு அது. வீட்டுக்குள் எடுக்க வேண்டிய முடிவு இன்னும் பல இடங்களில் எடுக்கப்படவில்லை. முடிவு வெளியாகும் காலை, கைப்பேசியில் எண்ணைப் பார்க்கும் பிள்ளையின் மனதில் ஓடும் கேள்வி, வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே. அந்தக் கேள்விக்கான விடையை அன்று காலை தேட வைக்காதீர்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ எழுதிய பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: எந்த மார்க் வந்தாலும் முதலில் என்னிடம் சொல், அன்றைக்குத் திட்டமாட்டேன், மறுநாள் சேர்ந்து உட்கார்ந்து அடுத்து என்ன என்று பார்ப்போம். சொன்னபடி அன்று நடந்துகொள்ளுங்கள். உங்களிடம் சொல்ல முடியாத நிலை வந்தால் அழைக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் இருக்கின்றன என்பதையும் அப்போதே, அதே மூச்சில், சொல்லிவையுங்கள்.